வலைச்சட்டகமும் மொழியமைப்பும்: ஜாங்கோவை முன்வைத்து ஓர் ஆய்வு

0. முன்னுரை

கணிப்பொறியில் ஒரு மொழி வழங்குவதற்கு எழுத்துரு, விசைப்பலகை, குறியேற்றம் ஆகிய மூன்றும் அமைந்தால் போதும் என்னும் கருத்து பரவலாக உள்ளது. தமிழைப் பொறுத்தவரை இம்மூன்றும் இன்று பெருமளவுக்கு நிறைவேறியுள்ளன. எனினும், தமிழில் வலைத்தளம் அமைக்க முற்படுவோர் இருவகைக் குறைகளைக் காண்கின்றனர். திரையில் எழுத்துகள் சரியாகத் தோன்றினும் சொற்றொடர்கள் தமிழாக அமைவதில்லை. தமிழ்ப் பெயர்களைத் தளம் சில இடங்களில் ஏற்க மறுக்கிறது. இக்குறைகளுக்குக் காரணம் எழுத்துருவில் இல்லை. தளத்தின் அடியில் இயங்கும் நிரல்கள் மொழியைப் பற்றி முன்கூட்டியே கொண்டுள்ள கருத்துகளே காரணமாகும்.

தரவுகளைச் சேமித்தல், பயனரை இனங்காணுதல், படிவங்களைச் சரிபார்த்தல், பக்கங்களை உருவாக்குதல் முதலியன எல்லா வலைத்தளங்களுக்கும் பொதுவான செயல்கள். இவற்றுக்கான நிரல்களை முன்னரே எழுதித் தொகுத்து வைத்திருப்பதே வலைச்சட்டகம் எனப்படுகிறது. சட்டகத்தைப் பயன்படுத்துவோர் தம் தளத்துக்கே உரிய பகுதியை மட்டும் எழுதினால் போதும். இதனால் உழைப்பு குறைகிறது. ஆனால் சட்டகத்தை உருவாக்கியோர் எடுத்த முடிவுகளும் உடன்வருகின்றன. ஜாங்கோ என்னும் திறந்த மூலச் சட்டகத்தின் வளர்ச்சியையும் கூறுகளையும் விளக்கி, அதனுள் பொதிந்துள்ள மொழிக் கருத்துகளைத் தமிழ் இலக்கண நோக்கில் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. தோற்றமும் வளர்ச்சியும்

1.1 அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கான்சாஸ் மாநிலத்திலுள்ள லாரன்ஸ் நகரின் நாளிதழ் லாரன்ஸ் ஜர்னல்-வோர்ல்டு. அதன் வலைப்பிரிவில் பணியாற்றிய ஏட்ரியன் ஹோலவாட்டியும் சைமன் வில்லிசனும் 2003ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், அதுவரை கையாண்ட பிஎச்பி மொழியை விட்டுப் பைத்தன் மொழியில் நிரல் எழுதத் தொடங்கினர். செய்தி நிறுவனத்தின் பணிக்கு ஒரு தனித்தன்மை உண்டு. புதிய பகுதி ஒன்றைச் சில நாட்களுக்குள், சில வேளைகளில் சில மணி நேரத்துக்குள் முடித்துத் தரவேண்டும். ஆகவே ஒரு தளத்துக்கு எழுதிய நிரலில் அடுத்த தளத்துக்கும் உதவக்கூடியவற்றை அவர்கள் தனியே பிரித்தெடுத்தனர். அவ்வாறு பிரித்தெடுத்தவற்றின் தொகுதியே சட்டகமாயிற்று. பின்னர் ஜேக்கப் கப்லன்-மாஸ் என்பவரும் இப்பணியில் இணைந்தார். சட்டகம் முதலில் திட்டமிடப்பட்டு அதன்பின் பயன்பாட்டுக்கு வந்ததன்று; பயன்பாட்டிலிருந்து வடித்தெடுக்கப்பட்டது என்பது நோக்கத்தக்கது.

2005ஆம் ஆண்டு ஜூலையில் இச்சட்டகம் பிஎஸ்டி உரிமத்தின்கீழ்ப் பொதுமக்களுக்கு வெளியிடப்பட்டது. உரிமைக் குறிப்பை நீக்காமல் இருக்கும்வரை, நிரலை எவரும் பயன்படுத்தலாம், திருத்தலாம், திருத்தியதைப் பரப்பலாம் என்பது இவ்வுரிமத்தின் சாரம். ஜாங்கோ ரெய்ன்ஹார்ட் (1910-1953) என்னும் கிதார் இசைக் கலைஞரின் பெயர் இதற்கு இடப்பட்டது. உரோமன் எழுத்தில் எழுதும்போது இப்பெயரின் முதலில் வரும் ‘டி’ ஒலிக்கப்படுவதில்லை.

1.2 2008ஆம் ஆண்டு ஜூனில் சட்டகத்தைப் பேணுவதற்கென ஓர் அறக்கட்டளை நிறுவப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பரில் 1.0 பதிப்பு வெளிவந்தது. 2014இல் வெளியான 1.7 பதிப்பு, தரவுத்தளத்தின் அமைப்பில் காலப்போக்கில் நேரும் மாற்றங்களைச் சட்டகமே பதிவு செய்து நிறைவேற்றும் வசதியைத் தந்தது. 2017 டிசம்பரில் வந்த 2.0 பதிப்பு பைத்தனின் இரண்டாம் தலைமுறையைக் கைவிட்டு மூன்றாம் தலைமுறையை மட்டும் ஏற்றது. 2019 டிசம்பரில் வந்த 3.0 பதிப்பு, ஒரு வேண்டுகோள் முடியக் காத்திராமல் பிறவற்றையும் கவனிக்கும் ஒத்திசையா இயக்கத்துக்கு வழிதிறந்தது. ஏறத்தாழ எட்டுத் திங்களுக்கு ஒரு பதிப்பும், அவற்றிடையே நெடுங்காலம் பேணப்படும் சிறப்புப் பதிப்பும் வெளிவருவது வழக்கமாயிற்று. 2010இல் தொடங்கப்பட்ட இன்ஸ்டாகிராம் இச்சட்டகத்தைக் கொண்டே கட்டப்பட்டது. ஒரு சிறு நகர நாளிதழின் கருவி பெருந்தளங்களுக்கும் ஈடுகொடுத்தது என்பதற்கு இது சான்று.

1.3 சட்டகங்களில் இயல்பமைவு என்றொரு கூறு உண்டு. பயன்படுத்துவோர் எதையும் குறிப்பிடாதபோது சட்டகம் தானே மேற்கொள்ளும் முடிவு அது. மொழி குறிப்பிடப்படாவிடின் ஜாங்கோ அமெரிக்க ஆங்கிலத்தைக் கொள்கிறது. நேர மண்டலம் பற்றி எதுவும் கூறப்படாவிடின் சிகாகோ நகரின் நேரத்தைக் கொள்கிறது. லாரன்ஸ் நகரும் அதே மண்டலத்தில் உள்ளது. புதிய தளங்களுக்கான அமைப்புக் கோப்பில் இன்று உலகப் பொதுநேரம் இடப்பட்டிருப்பினும், பழைய தளங்கள் பழுதுறாமைப் பொருட்டு அடிப்படை அமைவில் சிகாகோ நேரமே தொடர்கிறது. நேரத்தில் இத்தகைய சுவடு எளிதில் தெரிந்துவிடும். மொழியில் பதியும் சுவடு எளிதில் தெரிவதில்லை.

2. சட்டகத்தின் அமைப்பு

2.1 ஜாங்கோவில் ஒரு தளம் மூன்று அடுக்குகளாகப் பகுக்கப்படுகிறது. தரவு எத்தகையது என்பதைக் கூறுவது மாதிரி. எந்தத் தரவை எடுத்துக் காட்டுவது என முடிவு செய்வது காட்சி. அது எவ்வாறு தோன்றவேண்டும் என்பதைக் கூறுவது வார்ப்புரு. ஒவ்வொரு வலை முகவரியும் எந்தக் காட்சிக்கு உரியது என்பதைத் தனியொரு பட்டியல் கூறும். நிரல் அறியாத வடிவமைப்பாளரும் கையாளும் வகையில் வார்ப்புருவுக்கென எளிய குறிமொழி ஒன்று அமைக்கப்பட்டது.

நூலகத் தளம் ஒன்றைச் சான்றாகக் கொள்ளலாம். தலைப்பு, ஆசிரியர், ஆண்டு ஆகிய உறுப்புகளைக் கொண்ட ‘நூல்’ என்னும் மாதிரியைப் பைத்தனில் ஒருமுறை எழுதினால் போதும். அதிலிருந்து தரவுத்தள அட்டவணையும், படிவமும், சரிபார்ப்பு விதிகளும், பதிவுகளைச் சேர்க்கவும் திருத்தவும் நீக்கவும் உதவும் நிருவாகப் பக்கங்களும் பெறப்படுகின்றன. ஒரு செய்தியை ஓரிடத்தில் மட்டுமே கூறவேண்டும் என்பது இச்சட்டகத்தின் அடிப்படைக் கொள்கைகளுள் ஒன்று. பிற தளங்களிலிருந்து போலி வேண்டுகோள் வருதல், படிவத்தின் வழியே தரவுத்தளக் கட்டளையைப் புகுத்துதல் முதலிய தாக்குதல்களுக்கு எதிரான காப்புகளும் இயல்பமைவாகவே உள்ளன.

2.2 நிருவாகப் பக்கங்கள் தாமாக உருவாவதற்கு ஒவ்வொரு மாதிரியின் பெயரும் வேண்டும். அப்பெயரின் பன்மை வடிவமும் வேண்டும். எழுதுவோர் பன்மையைக் குறிப்பிடாவிடின், சட்டகம் பெயரின் இறுதியில் ஆங்கிலத்தின் ‘எஸ்’ என்னும் எழுத்தைச் சேர்த்துக்கொள்கிறது. ஆங்கிலத்திலேயே இவ்விதி பல சொற்களுக்குப் பொருந்தாது. தமிழ்ப் பெயர் இடப்பட்டால் ‘நூல்’ என்பதன் பின்னும் ‘ஆசிரியர்’ என்பதன் பின்னும் ஆங்கில எழுத்து ஒன்று வந்து ஒட்டிக்கொள்ளும். பன்மை வடிவத்தைத் தனியே குறிப்பிட்டு இதனைத் தவிர்க்கலாம். எனினும், ஒரு மொழியின் உருபனியல் விதி எம்மொழிக்கும் உரிய பொதுவிதிபோல் நிரலினுள் அமர்ந்திருப்பதற்கு இது தெளிவான எடுத்துக்காட்டு.

3. பன்மொழி வசதி

3.1 பொதுவெளியீடு நிகழ்ந்த 2005ஆம் ஆண்டின் இறுதியிலேயே ஜாங்கோவில் பன்மொழி வசதி இடம்பெற்றது. குனூ திட்டத்தின் ‘கெட்டெக்ஸ்ட்’ என்னும் முறை இதற்கு அடிப்படை. நிரலில் ஆங்கிலத் தொடர் அவ்வாறே எழுதப்படும், அத்தொடரே திறவுகோல். மொழிபெயர்ப்பாளர் தனிக்கோப்பில் ஒவ்வொரு தொடருக்கும் நேரான தம் மொழித் தொடரை எழுதுவர். மொழிபெயர்ப்பு இல்லாவிடின் ஆங்கிலத் தொடரே தோன்றும். ஒரே வழங்கி ஒரே வேளையில் பல மொழியினருக்குப் பக்கங்களை அனுப்புவதால், மாதிரிகளின் பெயர் போன்றவை நிரல் தொடங்கும்போதன்றிப் பக்கம் காட்டப்படும் வேளையில் மொழிபெயர்க்கப்படவும் வழி செய்யப்பட்டுள்ளது. தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், இந்தி, வங்காளம் முதலிய இந்திய மொழிகள் சட்டகத்தின் மொழிப்பட்டியலில் உள்ளன.

தொடக்கத்தில் சட்டகத்தின் உட்பகுதிகள் பைட்டுத் தொடர்களையே கையாண்டன. 2007ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் அவை முழுமையாக யூனிகோடுக்கு மாற்றப்பட்டன. ஆஸ்திரேலியரான மால்கம் டிரெடினிக் (மறைவு 2013) இப்பணியை முன்னின்று செய்தார். இன்று ஜாங்கோவில் தமிழ் எழுத்துகள் சிதையாமல் சேமிக்கப்படுவதற்கு இம்மாற்றமே அடிப்படை. அவர் நினைவாகச் சமூகத் தொண்டுக்கான பரிசு ஒன்று வழங்கப்படுகிறது.

3.2 எண் பாகுபாடு. ஒருமை, பன்மை என்னும் இருபாகுபாடு எல்லா மொழிகளுக்கும் பொதுவன்று. கெட்டெக்ஸ்ட் முறையில் ஒவ்வொரு மொழியும் தனக்கு எத்தனை எண் வடிவங்கள் உள்ளன என்பதையும், எந்த எண்ணுக்கு எந்த வடிவம் என்பதையும் தானே வரையறுத்துக் கொள்ளலாம். சப்பானிய மொழிக்கு ஒரு வடிவம் போதும். அரபு மொழிக்கு ஆறு வேண்டும். பிரெஞ்சில் சுழியம் ஒருமையோடு சேரும். ஆங்கிலத்தில் பன்மையோடு சேரும்.

தமிழுக்கு இரு வடிவங்கள் கொள்ளப்பட்டு, ஒன்று அல்லாத எல்லா எண்களும் பன்மை என ஆங்கிலத்தைப்போலவே வகுக்கப்பட்டுள்ளது. அஃறிணைப் பெயர்கள் ‘கள்’ விகுதி பெற்றும் பெறாமலும் பன்மை உணர்த்தும் என்பது தமிழிலக்கண மரபு. ‘பத்து நூல்’, ‘பத்து நூல்கள்’ ஆகிய இரண்டும் வழக்கில் உள்ளன. சுழியத்துக்கோ தமிழ் இயல்பாக ‘நூல் எதுவும் இல்லை’ என்னும் எதிர்மறைத் தொடரையே நாடும். ‘0 நூல்கள்’ என்பது பிழையன்று. ஆயினும் தமிழ் மரபன்று. சுழியத்துக்குத் தனி வடிவம் வகுத்துக்கொள்ள கெட்டெக்ஸ்ட் முறையில் தடை ஏதுமில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

3.3 வேற்றுமையும் இயைபும். ‘இன்னதைச் சேர்க்க’, ‘இன்னது நீக்கப்பட்டது’ போன்ற தொடர்களில் பெயர் வரவேண்டிய இடம் வெறுமையாக விடப்பட்டு, இயங்கும் வேளையில் நிரப்பப்படுகிறது. இதனை நிரப்பிடம் எனலாம். ஜாங்கோவில் நிரப்பிடங்களுக்குப் பெயர் இடலாம். ஆகவே மொழிபெயர்ப்பாளர் அவற்றின் வரிசையைத் தம் மொழிக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். வினைமுற்று இறுதியில் வரும் தமிழுக்கு இது பெரிதும் துணைசெய்கிறது.

ஆனால் சொல்வரிசையை மாற்ற இடந்தரும் இம்முறை, சொல்வடிவத்தை மாற்ற இடந்தருவதில்லை. ஆங்கிலப் பெயர்ச்சொல் எழுவாயாக வரினும் செயப்படுபொருளாக வரினும் வடிவம் மாறாது. தமிழிலோ ‘நூல்’ என்பது ‘நூலை’ எனவும், ‘மரம்’ என்பது ‘மரத்தை’ எனவும், ‘வீடு’ என்பது ‘வீட்டை’ எனவும், ‘பசு’ என்பது ‘பசுவை’ எனவும் திரியும். சாரியையும் இரட்டித்தலும் உடம்படுமெய்யும் சொல்லின் ஈற்றைப் பொறுத்தவை. நிரப்பிடத்தை அடுத்து ‘ஐ’ உருபை எழுதிவைத்தால் ‘மரம்ஐ’ என்னும் தமிழல்லாத வடிவமே கிட்டும்.

இதற்குத் தமிழின் உள்ளேயே தீர்வு உண்டு. ‘என்பது’, ‘என்னும்’ ஆகியவை எந்தச் சொல்லையும் அதன் வடிவம் மாறாமல் எடுத்துரைக்கும் ஆற்றல் உடையவை. ‘மரம் என்பதைச் சேர்க்க’ எனும்போது வேற்றுமை உருபை ‘என்பது’ ஏற்றுக்கொள்கிறது. பெயர் திரியாமல் நிற்கிறது.

திணை இயைபிலும் இத்தகைய சிக்கல் உண்டு. நிரப்பிடத்தில் நூலின் பெயர் வந்தால் ‘நீக்கப்பட்டது’ என்பது பொருந்தும். பயனரின் பெயர் வந்தால் ‘கண்ணன் நீக்கப்பட்டது’ எனத் திணைவழு நேரும். ‘கண்ணன் என்னும் பெயரிலுள்ள பதிவு நீக்கப்பட்டது’ என எழுதினால், ‘பதிவு’ எழுவாயாகி அஃறிணை முடிபு வழுவின்றி அமையும். இவ்விரு தீர்வுகளுக்கும் நிரலில் மாற்றம் எதுவும் வேண்டியதில்லை; மொழிபெயர்ப்பாளருக்கு இலக்கண உணர்வு இருந்தால் போதும். சொல்லுக்குச் சொல் பெயர்ப்பவர் இதனைக் காண இயலாது.

3.4 சூழலும் நாளும். ஒரே ஆங்கிலச் சொல் இரு பொருள்களில் வரும்போது தொடரையே திறவுகோலாகக் கொள்ளும் முறை தடுமாறும். ஆங்கிலத்தில் ‘மே’ என்பது மாதப் பெயர், துணைவினையும் ஆகும். 2011இல் வந்த 1.3 பதிப்பு, தொடருடன் சூழல் குறிப்பையும் இணைக்கும் வசதியைத் தந்து இதனைத் தீர்த்தது.

இவ்வசதி வேற்றுமைக்கும் பயன்பட்டுள்ளது. போலந்து மொழியில் நவம்பர் மாதத்தின் பெயர் ‘லிஸ்தோபாத்’. அது நாளுடன் சேர்ந்து வரும்போது ஆறாம் வேற்றுமை ஏற்று ‘லிஸ்தோபாதா’ ஆகும. இத்தகைய மொழிகளின் பொருட்டு ஜாங்கோ ஒவ்வொரு மாதத்துக்கும் மாற்றுப் பெயர் வடிவம் ஒன்றை ஏற்று, நாள் எழுதும் முறையில் அதற்கெனத் தனிக்குறியும் வைத்துள்ளது. ஆங்கிலத்துக்குத் தேவையே இல்லாத ஒரு வேற்றுமைப் பாகுபாடு சட்டகத்தினுள் இடம்பெற்றிருப்பது எண்ணத்தக்கது. இன்ன மொழிக்கு இன்னது வேண்டும் எனத் தெளிவாக எடுத்துக்காட்டப்படுமாயின், அதற்கு இடம் தர இயலும் என்பதை இது உணர்த்துகிறது.

3.5 எண் எழுதும் முறை. மேலைநாட்டு முறையில் எண்கள் மும்மூன்றாகப் பிரிக்கப்படும். இந்திய முறையில் வலப்புறத்து மூன்று இலக்கங்களை அடுத்து இரண்டிரண்டாகப் பிரிக்கப்படும். 1,00,000 எனவும் 1,00,00,000 எனவும் எழுதுவதற்குரிய சீரற்ற பகுப்பையும் ஜாங்கோ ஏற்கிறது. ஆயின், பேரெண்களைச் சொல்லால் காட்டும் வசதி மில்லியனில் தொடங்குகிறது. ‘1.2 மில்லியன்’ என்பதைத் தமிழில் ‘12 லட்சம்’ எனக் காட்டவேண்டும். சொல்லை மட்டும் பெயர்த்தால் இது கிட்டாது, எண்ணும் மாறவேண்டும். மொழிபெயர்ப்பின் எல்லை முடிந்து நிரலின் எல்லை தொடங்கும் இடம் இது.

4. எழுத்து எது என்னும் வினா

4.1 மேற்கூறிய குறைகள் தமிழைச் செம்மையாகக் காட்டுவதைப் பற்றியவை. இனிக் கூறுவது தமிழ்ச் சொல்லை ஏற்பதா மறுப்பதா என்பதைப் பற்றியது. ஆதலின் இதுவே முதன்மையானது.

செய்தி அல்லது கட்டுரையின் தலைப்பிலிருந்து வலை முகவரிக்கு ஏற்ற சொல்லை ஆக்கித்தரும் செயற்கூறு ஒன்று ஜாங்கோவில் உண்டு. இயல்பமைவில் அது ஆங்கில எழுத்துகளையும் எண்களையும் மட்டும் வைத்துக்கொண்டு ஏனையவற்றை நீக்கும். முழுதும் தமிழிலமைந்த தலைப்பைக் கொடுத்தால் வெறுமையே கிட்டும். 2015 டிசம்பரில் வந்த 1.9 பதிப்பு, யூனிகோடு எழுத்துகளையும் ஏற்குமாறு இதனை அமைத்துக்கொள்ளும் விருப்பத்தைத் தந்தது. ரஷ்ய மொழியும் கிரேக்கமும் சீனமும் இதனால் பயன்பெற்றன. தமிழுக்கு நேர்ந்தது வேறு. ‘மொழி’ என்னும் தலைப்பு ‘மழ’ ஆகிறது. ‘தமிழ்’ என்பது ‘தமழ’ ஆகிறது. மலை, மாலை, மூலை, மேலை ஆகிய நான்கும் ‘மல’ என்னும் ஒரே வடிவத்தில் வந்து முடிகின்றன. ஒரு முகவரி ஒருமுறைதான் வரலாம் என வரையறுக்கப்பட்ட தளத்தில், ‘மலை’ பதிந்தபின் ‘மாலை’ மறுக்கப்படும்.

4.2 இதன் காரணம் ஜாங்கோவுக்கும் அடியில் உள்ளது. யூனிகோடு ஒவ்வொரு குறிக்கும் ஒரு வகைப்பாடு தந்துள்ளது. உயிரும் அகரமேறிய மெய்யும் ‘எழுத்து’ என்னும் வகையின. கால், கொம்பு, சுழி முதலிய துணைக்குறிகளும் புள்ளியும் ‘சார்புக்குறி’ என்னும் வகையின. பைத்தன் மொழியின் எழுத்துக்கோலங்களைத் தேடும் பகுதி, ஒரு சொல்லுக்குள் வரத்தக்கவை எழுத்தும் எண்ணும் அடிக்கோடும் மட்டுமே எனக் கொள்கிறது. சார்புக்குறிகள் அவ்வரையறைக்குள் வருவதில்லை. முகவரிச் சொல்லை ஆக்கும் செயற்கூறு இவ்வரையறையைப் பின்பற்றுவதால் துணைக்குறிகளும் புள்ளியும் உதிர்ந்துவிடுகின்றன.

பயனர் பெயருக்கான சரிபார்ப்பு விதியும் இதே வரையறையைக் கொண்டது. 2016இல் வந்த 1.10 பதிப்பு முதல் ஆங்கிலமல்லாத எழுத்துகளிலும் பயனர் பெயர் அமையலாம். ஆனால் ‘குமரன்’ என எழுதினால் ககரத்தின்மேல் ஏறிய உகரக்குறியும் னகரத்தின் புள்ளியும் தடையாகின்றன. துணைக்குறியோ புள்ளியோ இல்லாத பெயர் மட்டுமே தேறும். தமிழில் அத்தகைய பெயர்கள் மிகச் சிலவே.

வியப்புக்குரிய முரண் ஒன்றும் உள்ளது. பைத்தனின் மூன்றாம் தலைமுறையில் நிரலின் மாறிகளுக்கு எம்மொழியிலும் பெயரிடலாம். அங்கு ‘மொழி’ என்பது குற்றமற்ற பெயர். ஒரே நிரல் மொழியின் ஒரு பகுதி இச்சொல்லை முழுமையாக ஏற்கிறது. இன்னொரு பகுதி அதன் உயிர்க்குறிகளை எழுத்தெனவே கொள்வதில்லை. எழுத்துக்கோலங்கள் பற்றிய யூனிகோடு பரிந்துரை சார்புக்குறிகளையும் சொல்லின் உறுப்பாகக் கொள்ளவேண்டும் என்றே கூறுகிறது.

4.3 தமிழ் இலக்கணத்தில் உயிர்மெய் ஓர் எழுத்து. புள்ளி பெற்ற மெய்யும் ஓர் எழுத்து. ‘தமிழ்’ மூன்றெழுத்துச் சொல். கணிப்பொறியின் கணக்கில் அது த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என ஐந்து. இவ்வேறுபாட்டால் படிவங்களின் நீளவரம்பும் தமிழ்ச் சொற்களுக்கு விரைவில் நிறைந்துவிடுகிறது. இது தமிழுக்கு மட்டும் உரிய சிக்கலன்று. மெய்யோடு உயிர்க்குறியை ஒட்டி எழுதும் தேவநாகரி, வங்காளம், தெலுங்கு, மலையாளம் முதலிய இந்திய எழுத்துமுறைகள் அனைத்துக்கும் இது பொது. உயிரும் மெய்யும் தனித்தனி எழுத்தாக வரிசையில் நிற்கும் முறைகளுக்கு இத்தடை நேர்வதில்லை. ‘எழுத்து’ என்பதன் வரையறை ஒருவகை எழுத்துமுறையை ஒட்டி அமைந்திருப்பதே இதற்கு வேர்.

சட்டகம் இதனைத் திருத்த வழி தருகிறது. சரிபார்ப்பு விதியைத் தளம் அமைப்போர் தாமே எழுதிக்கொள்ளலாம். முகவரிச் சொல்லை ஆக்கும் செயற்கூறுக்கு மாற்றும் எழுதலாம். சில வரிகளே தேவைப்படும். ஆயின் இக்குறை இருப்பதை அறிந்தவரே அவ்வாறு செய்வர். அறியாதோர், தமிழில் பயனர் பெயர் இயலாது என முடிவு செய்து ஆங்கிலத்துக்குத் திரும்புவர்.

5. முடிவுரை

ஜாங்கோவின் வரலாற்றில் மொழி பற்றிய முன்முடிவுகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்து வந்துள்ளதைக் காணலாம். 2005இல் மொழிபெயர்ப்புக்கும், 2007இல் யூனிகோடுக்கும், 2011இல் சூழல் குறிப்புக்கும் இடம் கிட்டியது. எண் பாகுபாட்டில் அரபும், வேற்றுமையில் போலந்து மொழியும் தமக்கு வேண்டிய இடத்தைப் பெற்றுள்ளன. எஞ்சியுள்ளவை மூன்று வகையின. முதலாவது, மொழிபெயர்ப்பாளரின் இலக்கண அறிவால் தீர்வன. வேற்றுமையும் திணை இயைபும் இவ்வகையின. இரண்டாவது, சட்டகத்தின் நிரலைத் திருத்தினால் தீர்வன; பன்மை விகுதியும் லட்சம், கோடிக் கணக்கும் இவ்வகையின. மூன்றாவது, சட்டகத்துக்கும் அடியிலுள்ள எழுத்து வரையறையைச் சார்ந்தன.

இம்மூன்றிலும் மொழியியலாருக்குப் பணி உண்டு. திறந்த மூலத் திட்டங்களில் ஒரு குறையை எடுத்துரைப்பதற்குச் சிறந்த வழி, எந்த உள்ளீட்டுக்கு எந்த விளைவு வரவேண்டும் எனக் காட்டும் சோதனைத் தொடர்களைத் தருவதாகும். ஈற்றெழுத்து வகைக்கு ஒன்றாகப் பெயர்ச்சொற்கள், துணைக்குறி வகைக்கு ஒன்றாகத் தலைப்புகள், இரு திணையிலும் பயனிலை முடிபுகள் ஆகியவற்றைத் திரட்டி வகைப்படுத்துவது இலக்கண ஆய்வாளருக்குப் பழகிய பணியே. நிரல் எல்லோருக்கும் திறந்துள்ளது. திருத்தும் உரிமையும் எல்லோருக்கும் உண்டு. ‘மொழி’ என்று கொடுத்தால் ‘மொழி’ என்றே திரும்பவேண்டும் என்னும் ஒற்றை வரிச் சோதனையிலிருந்து அப்பட்டியலைத் தொடங்கலாம்.